சினமன் ரோல்: மேலே சிவக்குது, நடுவில் வேகலை, அடியில் கருகுது

அடுப்படிப்புதுசு:
சினமன் ரோல் மூணு தடவை போட்டாச்சு, மூணும் மூணு விதமா சொதப்பல். அளவு: மைதா 2 கப், பால் முக்கால் கப், முட்டை 1, சர்க்கரை கால் கப், வெண்ணெய் 50 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 டீஸ்பூன். முதல் தடவை மாவு கையில் ஒட்டியதால் மைதா சேர்த்துக்கிட்டே போனேன், மறுநாள் ரஸ்க். ரெண்டாவது, மேலே சிவந்தும் நடு ரோல் பச்சை மாவு, அடியில் சர்க்கரை ஒழுகித் தட்டோட கருகிப் பிடிச்சுது. மூணாவது, ரெண்டு மணி நேரம் உப்பவிட்டதில் புளிச்ச வாடை, ஓவனில் அமுங்கிடுச்சு. 28 லிட்டர் ஓடிஜி (மேலேயும் கீழேயும் கம்பி சூடாகுற சின்ன கரண்ட் ஓவன்). எங்கே தப்பு?

மாவுக்கை:
முதல்ல கப்பை ஓரங்கட்டுங்க. அள்ளுற விதத்தைப் பொறுத்து ஒரு கப் மைதா 120 கிராமும் வரும், 150ம் வரும். தராசில் மைதா 300 கிராம், பால் 150 மி.லி., முட்டை 1, சர்க்கரை 45, வெண்ணெய் 50, உப்பு 5, ஈஸ்ட் 5 கிராம். (உப்பை நீங்க சொல்லவே இல்லையே!)

ஒட்டுற மாவுக்கு மைதா தூவக் கூடாது, பிசையணும். வெண்ணெய் தவிர மத்ததைச் சேர்த்துப் பிசைஞ்சு 20 நிமிஷம் மூடி வைங்க. பிறகு வெண்ணெயைத் துண்டு துண்டா சேருங்க. அப்போ மாவு பிரிஞ்சு சொதசொதன்னு ஆகும். அங்கேதான் பயந்துபோய் மைதா போடுவாங்க. விடாமல் இன்னும் 10 நிமிஷம் அடிச்சுப் பிசைஞ்சா தானாச் சேர்ந்து வரும். எலுமிச்சை அளவு எடுத்து இழுங்க: கிழியாமல், பின்னால் இருக்கிற விரல் நிழலாத் தெரியற அளவுக்கு விரிஞ்சா போதும்.

புளிப்புக்குக் காரணம் வெயில். ரெசிபியில் வர்ற ஒன்றரை மணி நேரம் 24 டிகிரி சமையலறைக்கு. 32 டிகிரியில் 45–60 நிமிஷத்திலேயே ரெண்டு மடங்காயிடும். ஃப்ரிட்ஜ் பாலை அப்படியே ஊத்துங்க. வெட்டி அடுக்கிய பிறகு ரெண்டாவது தடவை உப்பும்போது விரலால் அழுத்திப் பாருங்க. பள்ளம் மெதுவா பாதி மேலே வந்தால் ஓவனுக்குப் போகலாம். டக்குன்னு நிமிர்ந்தால் பொறுங்க. குழி அப்படியே நின்னா நேரம் தாண்டிடுச்சு.

பட்டைச்சுருள்:
ஒழுகறது பூரணத்தால். வெண்ணெயை உருக்காதீங்க, பதமா இளகினது 40 கிராம் தடவுங்க. மேலே நாட்டுச்சர்க்கரை 70 கிராம், பட்டைத்தூள் 6 கிராம், கூடவே ஒரு டீஸ்பூன் மைதா. உருகுற பாகை அது பிடிச்சு வைக்கும். பட்டையைப் பிசையற மாவில் கலக்க வேண்டாம், அதிலிருக்கிற சின்னமால்டிஹைடுங்கிற வாசனைப் பொருள் ஈஸ்டை மந்தமாக்கும். பிரியாணிக்கு வாங்குற தடிச்ச பட்டை பெரும்பாலும் காசியாங்கிற வகை, காரம் தூக்கலா இருக்கும். மெல்லிசா பல அடுக்காச் சுருண்ட சிலோன் பட்டைன்னா 8 கிராம் போடலாம்.

40 x 30 செ.மீ. செவ்வகமாத் தேய்ச்சு நீளப் பக்கத்திலிருந்து சுருட்டுங்க. இறுக்கினால் நடுச் சுருள் கூம்பா மேலே கிளம்பும். கத்தி நசுக்கும், சாயம் போடாத பூ நூலை அடியில் விட்டு மேலே குறுக்கே இழுத்தால் சுத்தமா வெட்டும். 9 துண்டு, 22 செ.மீ. சதுர டின், வால் நுனி அடியில் மடங்கி இருக்கணும்.

ஓடிஜியில் மேல் கம்பி ரொம்பக் கிட்டே இருக்கிறதால்தான் மேலே சீக்கிரம் சிவக்குது. 180 டிகிரியில் 15 நிமிஷம் முன்சூடு, ரெண்டு கம்பியும் எரியணும், டின்னைக் கீழ்த் தட்டில் வைங்க. 15 நிமிஷத்தில் ஃபாயில் மூடி மொத்தம் 25. நடு ரோலில் தெர்மாமீட்டர் 90 காட்டணும். கறுப்பு டின் அடியைக் கருக்கும், அலுமினியம் நல்லது.

அடுப்படிப்புதுசு:
உப்பு நிஜமாவே போடலை! முட்டை இல்லாமல் வருமா? வீட்டில் ஒருத்தர் சாப்பிட மாட்டாங்க.

மாவுக்கை:
வரும். பால் மொத்தம் 200 மி.லி. ஆக்குங்க. அதில் 100 மி.லி. எடுத்து, 300 கிராம் மைதாவிலிருந்தே 20 கிராம் கரைச்சு, சின்னத் தீயில் கூழா காய்ச்சுங்க. கரண்டி இழுத்த கோடு நிக்கணும். இந்தக் கூழ் தண்ணியைப் பிடிச்சு வைக்கிறதால் மறுநாளும் மெத்துன்னு இருக்கும். நல்லா ஆறின பிறகு மீதி மாவோட சேருங்க, சுடச்சுட ஊத்தினால் ஈஸ்ட் செத்துடும்.