நீல ரோன் குதிரையின் முதுகில் இருந்த கருப்புத் திட்டுகள்

ரோன் என்றால் அடி நிற முடியோடு வெள்ளை முடியும் கலந்து வளரும் குதிரை நிறம். அப்படிப்பட்ட குதிரையோடு பழகியவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

நான் பார்த்துக்கொள்ளும் பெண் குதிரை நீல ரோன். தூரத்தில் நின்றால் மழை மேகம் போல நீலம் பூத்திருக்கும். கிட்டே போய் விரலால் முடியைப் பிரித்தால் நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. ஒரு முடி கருப்பு, அடுத்த முடி வெள்ளை, உடம்பு முழுக்க இப்படித்தான். தலை மட்டும் கரிக்கட்டை. முழங்காலுக்குக் கீழேயும் கரி. அந்தக் கருப்பு காலில் மேலே ஏறும்போது கூம்பு போல ஒடுங்கி நிற்கும், அதுவே தனி அழகு.

அவள் என்னிடம் வந்தபோது 9 வயது. தோள்மேட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்குக் கருப்புத் திட்டு. விலாவில் ஒரு நீளக் கோடு. பின்தொடையில் பொட்டுப் பொட்டாகச் சில. மச்சம் வைத்தது மாதிரி இருக்கிறதே என்று படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். லாடம் அடிக்க வந்த பெரியவர்தான் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பிறவியில வந்ததில்லம்மா, சேணம் கடிச்ச இடம்" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சேணப்புண் ஆறினால் அந்த இடத்தில் வெள்ளை முடி முளைப்பதைத்தான் மற்ற குதிரைகளில் பார்த்திருக்கிறேன். ரோனில் நேர்மாறாம். உரசியோ கிழிந்தோ ஆறிய தோலில் வெள்ளை முடி திரும்பி வராது, அடி நிறம் மட்டும்தான் வரும். அதனால் காயம்பட்ட இடமெல்லாம் சுற்றியிருப்பதைவிடக் கருத்துத் தெரியும். இதற்குக் 'கார்ன் புள்ளி' என்று பேர். நான் ரசித்துப் படம் எடுத்ததெல்லாம் அவள் பட்ட வலி. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

— — —

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் லாயத்துக்குப் போய் எங்கள் குதிரையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். நான் சொல்ல வந்தது வேறு கதை.

ரோன் என்று நம்பி ஒரு குட்டியை வளர்த்தேன். ஒரு வயதில் சிவப்பும் வெள்ளையும் கலந்து, பார்த்தவர்களெல்லாம் சிவப்பு ரோன் என்றே சொன்னார்கள். 3 வயதில் முகம் வெளுத்தது. 7 வயதில் அது ஏறக்குறைய வெள்ளைக் குதிரை. அது ரோனே இல்லை, கிரே, அதாவது வேறு நிறத்தில் பிறந்து வயது ஏற ஏற நரைத்து வெளுக்கும் குதிரை. நான் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கிரே குட்டிக்குக் கண்ணைச் சுற்றி முதலில் நரைக்கும். ரோனுக்கு உடம்பு எவ்வளவு வெளுத்தாலும் தலை அடி நிறத்திலேயே இருக்கும், வயது ஏற ஏற வெள்ளையாகிக்கொண்டே போகாது.

நிறம் மாறிப்போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கிரே குதிரைகளுக்கு மெலனோமா என்ற தோல் நிறமிப் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு மிக அதிகம். 15 வயது தாண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வந்துவிடுகிறது. வாலுக்கு அடியில்தான் பெரும்பாலும் தொடங்கும். நரைக்கக் காரணமான STX17 மரபணு மாற்றத்தை 2008-ல் கண்டுபிடித்தபோது இந்தக் கட்டிக்கும் அதற்கும் உள்ள தொடர்பும் சேர்ந்தே தெரியவந்தது. அது தெரிந்த பிறகு ஒவ்வொரு மாதமும் வாலைத் தூக்கிப் பார்க்கிறேன். ரோன் என்றே நினைத்துக்கொண்டிருந்தால் பார்த்திருக்க மாட்டேன்.

— — —

சின்ன அனுபவம்தான். எங்களுடையது பே ரோன் (பே என்றால் பழுப்பு உடம்பு, கருப்புப் பிடரியும் வாலும் கால்களும்). குளிர்கால முடி உதிர்ந்து முடிந்ததும் உடம்பு வெள்ளிபோல் மின்னும். அடுத்த குளிருக்கு நீள முடி வளர்ந்ததும் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை உள்ளே ஒளிந்துகொள்ளும், வெறும் பே என்றுதான் யாரும் சொல்வார்கள். இரண்டு பருவத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே குதிரை என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டார்கள். அதனால் ஒரே ஒரு படத்தைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். ஐஸ்லாந்துக் குதிரைகளில் இந்த மாற்றம் இன்னும் அப்பட்டமாக இருக்கும், அந்த நிறத்துக்கு அங்கே தனிப் பெயரே உண்டு.

— — —

இனப்பெருக்கத்தில் இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், "ரோனையும் ரோனையும் சேர்க்காதே, கரு தங்காது." 1979-ல் வந்த ஓர் ஆய்வு, பெல்ஜியன் இழுவைக் குதிரைகளின் பதிவேடுகளை வைத்து, இரண்டு பக்கமும் ரோன் மரபணு கிடைத்த கரு பிழைக்காது என்று முடிவு சொல்லியிருந்தது. அந்த ஒரு முடிவை நம்பிப் பலர் பல வருடம் நல்ல ஜோடிகளைப் பிரித்தே வைத்தார்கள். நானும்தான். பிறகு குவார்ட்டர் என்ற அமெரிக்க இனக் குதிரைகளில் இரட்டை ரோன் மரபணுவோடு ஆரோக்கியமாக வாழும் குதிரைகள் இருப்பது பரிசோதனையில் உறுதியானது. அப்படிப்பட்ட ஒரு பொலிக்குதிரையை நேரில் பார்த்திருக்கிறேன். எந்த நிறப் பெண் குதிரையோடு சேர்த்தாலும் குட்டிக்கு ரோன் தப்பாது. கிரே வந்து மூடினால் மட்டும் வெளியே தெரியாமல் போகலாம்.

என்னை அதிகம் குழப்பியது இன்னொன்று. எங்கள் நீல ரோன் பொலிக்குதிரைக்கு அப்பா கருப்பு, அம்மா சிவப்பு ரோன். செஸ்ட்நட் (முழுச் சிவப்பு) பெண் குதிரைகளோடு சேர்த்தபோது, சிவப்பாகப் பிறந்த குட்டியெல்லாம் ரோன், கருப்பும் பேயுமாகப் பிறந்ததெல்லாம் ரோன் இல்லாமல். நாங்கள் எதிர்பார்த்த நீல ரோன் வரவே இல்லை. ராசி சரியில்லை என்று வீட்டில் ஒரு பேச்சுக்கூட வந்தது. ராசி இல்லை, குரோமோசோம். ரோனோடு தொடர்புள்ள KIT மரபணுவும், சிவப்பா கருப்பா என்று தீர்மானிக்கும் MC1R மரபணுவும் குதிரையின் 3-ஆம் குரோமோசோமில்தான் இருக்கின்றன. அம்மாவிடமிருந்து சிவப்பும் ரோனும் ஒரே கட்டாக வந்ததால், அது குட்டிக்கும் பெரும்பாலும் கட்டாகவே போகிறது. எப்போதாவதுதான் கட்டு பிரியும். அதனால் நீல ரோன் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பொலிக்குதிரையின் நிறத்தோடு நிற்காமல், அந்த ரோன் அதற்கு யார் வழியாக வந்தது என்றும் கேளுங்கள்.

— — —

எங்கள் குதிரையும் வெள்ளை கலந்துதான் இருக்கிறது. ஆனால் கன்ன எலும்பு, இடுப்பெலும்பு, மூக்குத் தண்டு மட்டும் கருப்பு. குளம்பில் நெட்டுக்குக் கோடு. வருடா வருடம் வெளுத்துக்கொண்டும் வருகிறது. இதுவும் ரோன்தானா?

— — —

மேலே இனப்பெருக்கம் பற்றி எழுதியவன்தான். இல்லை தம்பி, அது அப்பலூசா என்ற புள்ளிக் குதிரை வகையில் வரும் 'வார்னிஷ் ரோன்'. பெயர் ஒன்று, மரபணு வேறு. அது TRPM1 சம்பந்தப்பட்டது. ஒரு விஷயம் உடனே கவனியுங்கள்: அந்த மரபணு இரட்டையாகக் கிடைத்த குதிரைக்குப் பிறவியிலிருந்தே இருட்டில் கண் தெரியாது. அந்தி நேரத்தில் மிரள்கிறதா, வாசலில் தயங்கி நிற்கிறதா என்று பாருங்கள். முரண்டு என்று நினைத்து அடிவாங்கும் குதிரைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பரிசோதனை இருக்கிறது, செய்துவிடுங்கள். (விலாவிலும் வாலின் அடியிலும் மட்டும் வெள்ளை சிதறியிருந்தால் அது ராபிகானோ. அதையும் ரோன் என்று பலர் எழுதுகிறார்கள்.)

— — —

திட்டுகளைப் பற்றிக் கேட்டுத் தொடங்கியவள்தான். எல்லோருக்கும் நன்றி.

சேணத்தை என்ன செய்தேன் என்று தனியே கேட்டிருந்தார்கள். திட்டுகள் இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் இருந்ததால் பழைய சேணத்தின் முன்பகுதி குறுகலாக இருந்திருக்க வேண்டும் என்றார் பெரியவர். நான் வைத்திருந்ததும் அப்படித்தான். சேணத்தைக் கையில் எடுத்தாலே அவள் காதைப் பின்னால் மடிப்பாள், அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். முதுகின் வளைவைக் கம்பியில் எடுத்து அளந்து, அகலமான சேணத்துக்கு மாறினோம். அதற்கு முன் 4 மாதம் யாரையும் ஏற்றவில்லை. இப்போது சேணம் வைக்கும்போது காது மடிவதில்லை.

போன வருடம் வேலிக்கம்பி தோளில் கீறிவிட்டது. ஆறிய இடத்தில் முளைத்தது அத்தனையும் கருப்பு, என் சுண்டுவிரல் நீளத்துக்கு. வாரம் ஒருமுறை தேய்க்கும்போது தோள்மேட்டுத் திட்டுகளின் ஓரத்தை விரலால் தொடர்ந்து போய்ப் பார்க்கிறேன். இதுவரை பெரிதாகவில்லை.