சின்ன சமையலறையை எப்படி அமைத்தீர்கள்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

வேலூர், கொசப்பேட்டையிலிருந்து:

எங்கள் சமையலறை 7 அடி நீளம், 5 அடி அகலம். பழைய வீட்டை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது எங்கள் பங்குக்கு வந்தது. அதற்கு முன்னால் விறகும் வறட்டியும் அடுக்கி வைத்திருந்த அறை. ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் அப்படி ஒரு அறைக்குள் அடுப்பு வைத்துச் சமைப்பது என்றால் என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் சொல்கிறேன், நம் ஊரில் சின்ன சமையலறை என்றால் முதலில் காற்றுக்கு வழி விடணும், அடுத்து தண்ணீருக்கு இடம் ஒதுக்கணும். இரண்டும் போக மிச்சம் இருப்பதில்தான் சாமானை வைக்கணும். இப்போது எல்லாரும் சாமானிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

மாடுலர் கிச்சன் போடுகிற ஒரு கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்து அளவெடுத்தார். நல்ல மரியாதையான பிள்ளை. லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டினார். தரையிலிருந்து கூரை வரைக்கும் கப்போர்டு, ஜன்னலில் பாதி மறைந்துவிட்டது. சிலிண்டர் எங்கே தம்பி என்று கேட்டேன். மேடைக்கு அடியில் கதவு போட்ட பெட்டிக்குள் வைத்திருந்தார். அந்தக் கதவிலும் அடியிலும் ஓட்டையே இல்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். சிலிண்டர் நிற்கிற இடத்தில் கீழ்ப் பக்கம் திறப்பு இருந்தே ஆகணும். இதை அவரிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தப் படத்தை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் வந்தவர் விரிஞ்சிபுரம் பக்கத்து மேஸ்திரி, வயசானவர். டேப்பை எடுக்கவே இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, “எக்ஸாஸ்ட் ஃபேனை ஜன்னல் பக்கத்துல வெக்காதம்மா, எதிர்ச் சுவத்துல அடுப்புக்கு மேல வை” என்றார். ஜன்னலை ஒட்டி ஃபேன் வைத்தால் ஜன்னல் வழியாக வருகிற காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அடுப்புப் புகை அறைக்குள்ளேயே நிற்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து அடுப்பைக் கடந்து மறு பக்கம் போகணும். 9 இஞ்ச் ஃபேன் ஒன்று எதிர்ச் சுவரில் ஏறியது. மிளகாய் தாளித்தால் இப்போது கூடத்தில் இருக்கிறவர்களுக்கு இருமல் வருவதில்லை.

மேடையையும் அவர் சொன்னபடிதான் போட்டோம். ஒரே சுவரோரம் நேராக ஓடுகிற மேடை, எல் வடிவம் கிடையாது. 5 அடி அகலத்தில் 2 அடியை மேடைக்குக் கொடுத்தால் 3 அடி கிடைக்கும். ஒரு ஆள் குனிந்து கீழ்த் தட்டிலிருந்து பாத்திரம் எடுக்க அவ்வளவு வேண்டும். உயரத்துக்கு அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, செங்கல் துண்டால் சுவரில் ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே நாலு விரற்கடை விட்டு இன்னொரு கோடு. “இதுதான் உன் மேடை” என்றார். அளந்து பார்த்தால் 31 இஞ்ச். கடையில் எல்லாரும் சொல்கிற 33, 34 எனக்கு உயரம். தோள் வலியோடு சமைக்கிற எத்தனையோ பேருக்கு இந்தக் கோடு போட்டுக் கொடுக்க ஆளில்லை.

ஷெல்ஃபுக்குக் கடப்பா கல். ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு அது கிடைக்காத பொருள் இல்லை. கரையான் ஏறாது, தண்ணீர் பட்டு ஊதாது. சுவரில் காடி வெட்டி உள்ளே செருகிவிட்டால் கீழே தாங்க இரும்பு ஆங்கிள் கூட வேண்டியதில்லை. அகலம் 9 இஞ்சுக்கு மேல் போகக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். 9 இஞ்சில் டப்பா ஒரு வரிசைதான் நிற்கும். ஒன்றரை அடி ஷெல்ஃப் வைத்துப் பாருங்கள், பின் வரிசையில் போனது அப்படியே மறந்துபோகும். போன வருஷத்து வெந்தயம் அங்கேதான் கிடக்கும். கதவும் வேண்டாம் என்றேன். சின்ன அறையில் கதவு திறக்கும்போது நாம் ஒரு அடி பின்னால் நகரணும், நகர இடம் எங்கே?

தண்ணீருக்கு வருகிறேன். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் எங்கள் தெருவில் குடம் இல்லாத சமையலறை கிடையாது. தினமும் வராது, வருகிற அன்று பிடித்து வைக்கணும். அதனால் வாசல் பக்கமாகத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குத் திண்ணை மாதிரி கட்டி, குடங்களை வரிசையாக நிறுத்தினேன். குனிந்து தூக்குகிற வேலை பாதி குறைந்தது. சிந்துகிற தண்ணீர் சிங்க் குழாய் போகிற பக்கமே ஓடும்படி தரையில் சரிவு. அரிசியைச் சமையலறையிலிருந்தே எடுத்துவிட்டேன். ஆரணி அரிசி 26 கிலோ மூட்டைக்கு அடுப்பு பக்கத்தில் என்ன வேலை? கூடத்துப் பெஞ்சுக்கு அடியில் டின்னில் கொட்டி வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் செய்த பிறகும் பாத்திரம் நிரம்பி வழிந்தது. அதைக் குறைக்க எனக்கு வழி காட்டியவர் ஒரு வங்காளத்து அம்மா. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் எங்கள் சித்தியைச் சேர்த்திருந்தபோது, பக்கத்துத் தெரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிற அறைகள் அங்கே நிறைய உண்டு. எதிர் அறையில் அந்த அம்மா, வீட்டுக்காரருடைய வைத்தியத்துக்காக வந்திருந்தார். அவருடைய சமையலறை 3 அடிக்கு 2 அடி மூலை, அவ்வளவுதான். சுவரில் ஆணிகள். ஒரு இருப்புச் சட்டி, ஒரு குண்டான், ஒரு குக்கர், இரண்டு தட்டு. தரையில் உட்கார்ந்து நம் அரிவாள்மனை போலவே ஒன்றைக் காலால் அழுத்திக்கொண்டு மீன் நறுக்குவார். கடுகை அரைத்துக் குழம்பு கூட்டுவார். குழம்பைக் குண்டானில் ஊற்றிய கையோடு சட்டியைக் கழுவி ஆணியில் மாட்டிவிடுவார், ஈரம் சொட்டச் சொட்ட. அடுத்த பண்டம் அதே சட்டியில். சமைத்து முடிக்கும்போது கழுவ எதுவும் மிச்சம் இருக்காது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. ஆனாலும் ஒரு நாள் என்னை அந்தப் பாயில் உட்கார வைத்துச் சோறு போட்டார். வீட்டில் ஆஸ்பத்திரிக் கவலை இருக்கும்போது அந்த மூலையை அவர் வைத்திருந்த சுத்தம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

வீட்டுக்குத் திரும்பியதும் பாத்திரங்களை எடுத்து வெளியே வைத்தேன். தினமும் கை படுகிறவை ஆணிக்கும் ஷெல்ஃபுக்கும். பொங்கலுக்கும் ஆடிக் கூழுக்கும் எடுக்கிற அண்டா, குண்டான் எல்லாம் வாசலுக்கு மேலே போட்ட பரணுக்கு. அடுப்புக்கு மேலே பரண் போடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும், வெக்கையும் கீழேயே அடைபடும்.

குடியாத்தத்திலிருந்து:

கொசப்பேட்டை அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டையும் சொல்லணும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் குழித்தறி, அதாவது தரையில் குழி வெட்டிப் போட்ட கைத்தறி இருக்கிறது, லுங்கி நெய்கிறோம். வீட்டில் நல்ல வெளிச்சமும் இடமும் தறிக்குத்தான். சமையலுக்குக் கிடைத்தது பின்னால் 4 அடி அகலத்து நடை. அந்த வழியாகத்தான் அப்பா பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூலை, தோளில் போட்டுக்கொண்டு போவார் வருவார். தாளிக்கிற எண்ணெய்ப் புகை பாவில் பட்டால் கறை, தண்ணீர் தெறித்தால் அதைவிட மோசம். அதனால் அடுப்பைத் தோட்டத்துப் பக்கக் கடைசிக்குத் தள்ளி, நடுவில் ஒரு அரைச்சுவர் எழுப்பினோம்.

மேடை போட்டால் நடை அடைபடும். அப்பாவுடைய கூட்டாளி ஒரு ஆசாரி, அவரிடம் மடக்குப் பலகை கேட்டோம். நான் இரண்டு பக்கமும் சங்கிலி மாட்டித் தொங்கவிடலாம் என்றேன். அவர், “சங்கிலி வேணாம்மா, நீ காய் நறுக்கும்போது கை வீசுற இடத்துல இடிக்கும்” என்று சொல்லி, பலகைக்கு அடியில் முக்கோணத் தாங்கி ஒன்றைச் செய்தார். அந்தத் தாங்கிக்கே கீல். வெளியே இழுத்தால் பலகையைத் தாங்கும், உள்ளே தள்ளினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வேப்பம் பலகை. அதன்மேல் சப்பாத்தி தேய்த்தால் கூட ஆடுவதில்லை. பாவு வருகிறது என்று குரல் கேட்டால் ஒரு கையால் மடக்கிவிடுவேன்.

அரைச்சுவர் மேல் விளிம்பையும் விடவில்லை. உப்பு, புளி ஜாடி, அஞ்சறைப்பெட்டி எல்லாம் அங்கேதான்.

காட்பாடியிலிருந்து:

மாடியில் ஒரு அறையைப் படிக்கிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அவர்களுக்குச் சமைக்க ஒரு மூலை அமைத்துக் கொடுத்தோம். அந்த வயசில் தினமும் ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது. இண்டக்‌ஷன் அடுப்புதான் வைப்பார்கள் என்று தெரியும். ஆகவே மூலைக்குப் பலகை போடுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். 2000 வாட்ஸ் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஃபேனுக்கும் செல்போனுக்கும் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் சூடாகி உருகும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுத்து, தனி எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே அணைந்துவிடுகிற சுவிட்ச்) போட்டுக் கொடுத்தார். பிளக் பாயிண்ட் சிங்க் பக்கம் வரக்கூடாது என்று அவரே இடத்தை மாற்றினார். வாடகைக்கு அறை விடுகிற எல்லாரும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். மாடியில் தூங்குவது யாரோ பெற்ற பிள்ளைகள்.

ஆற்காட்டிலிருந்து:

அக்கா, மேடைக்கும் கடப்பா கல்லே போட்டுவிடலாமா? செலவு குறையும் என்று பார்க்கிறேன். கிரைண்டரை எங்கே வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

வேலூர், கொசப்பேட்டையிலிருந்து:

குடியாத்தம் தங்கச்சி சொன்ன அந்தத் தாங்கி ரொம்ப அருமை. எங்கள் ஜன்னலுக்குக் கீழே அப்படி ஒன்று போட ஆசாரியைக் கேட்கப் போகிறேன்.

ஆற்காட்டுக்கு: கிரைண்டர் மேடைக்கு அடியில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் போட்ட தட்டில் இருக்கிறது. தட்டின் முன் விளிம்பு மேடையைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் இழுத்து அங்கேயே ஓட்டலாம். மேலே தூக்கி வைக்கிற வேலை கிடையாது. மாவை எடுக்க முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். அந்த இடத்துக்கு எட்டும்படி ஒரு பிளக் பாயிண்டும் மேடைக்கு அடியில் வேண்டும், சுவர் பூசுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கடப்பா கல்லை மேடைக்குப் போட வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் வகை. புளிக் கரைசலோ எலுமிச்சம் சாறோ சிந்திக் கொஞ்ச நேரம் நின்றால் அந்த இடம் அரித்து வெளுத்துப்போகும். துடைத்தாலும் வராது, திரும்பப் பாலிஷ் போட்டால்தான் உண்டு. மேடைக்கு மட்டும் கறுப்பு கிரானைட் வாங்குங்கள். 7 அடி மேடைக்கு முழுக் கல் வாங்க வேண்டியதில்லை, கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டால் விலை குறைத்துக் கொடுப்பார்கள். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. ஊறுகாய் ஜாடியைக் கடப்பா ஷெல்ஃபில் வைத்தால் அடியில் ஒரு தட்டு வையுங்கள்.