மஸில்லோடர்: 100 கஜத்தில் குண்டு சிதறுகிறது, மலிவான நல்ல குண்டு எது?

பனிக்காடு (ஒஹையோ):
மான் வேட்டைக்கு .50 கேலிபர் (அரை அங்குலக் குழல்) மஸில்லோடர் வைத்திருக்கிறேன்; வெடிமருந்தையும் குண்டையும் குழல்வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கி, நவீன இன்லைன் வகை. குண்டைச் சுழற்றும் குழலின் உள்வரி முறுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 50 கிரெயின் வெடிமருந்து வில்லைகள் மூன்று, அதன்மேல் சேபோ என்கிற பிளாஸ்டிக் கிண்ணத்தில் பொதிந்த 250 கிரெயின் எடைக் குண்டு. 50 கஜத்தில் பரவாயில்லை. 100 கஜத்தில் முதல் குண்டு நடுவில், இரண்டாவது ஒரு சாண் வலப்பக்கம், மூன்றாவது அட்டையிலேயே இல்லை. அந்த மூன்றாவதைக் கெட்டிக்கக் கோலின்மேல் உடம்பைச் சாய்த்து அழுத்த வேண்டியிருந்தது. சின்னப் பொட்டலமாக வாங்கிக் குறி பழகியே பணம் கரைகிறது. ஜனவரிப் பருவத்துக்குள் எந்தக் குண்டுக்கு மாறலாம்?

கரிக்கை:
முதலில், குழல்வாய்க்கு நேராக உடம்பைச் சாய்க்காதீர்கள். இறங்கவில்லை என்றால் பலம் குறைவு என்று பொருளல்ல, கசடு அதிகம் என்று பொருள்.

குண்டை மாற்றுமுன் மூன்று வில்லையை இரண்டாக்குங்கள். 150 கிரெயின் மருந்தைத் தாங்காத சேபோக்கள் உண்டு. குழல்வாயிலிருந்து பத்துப் பதினைந்து கஜத்தில் அவை புல்லில் கிடக்கும். எல்லோரும் சுட்டு ஓய்ந்தபின் பொறுக்கிப் பாருங்கள். இதழ்கள் பூப்போல ஒரே சீராக விரிந்திருந்தால் குற்றமில்லை. ஓர் இதழ் பிய்ந்தோ அடி இளகியோ இருந்தால், குண்டு சாய்ந்தே கிளம்பியிருக்கும். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் ஈரத்துணி ஒன்று, உலர்துணி இரண்டு. ட்ரிப்பிள் செவன் மருந்தென்றால் மருந்து இருந்த இடத்துக்குச் சற்று மேலே கசடு வளையமாக இறுகும். அங்கே துணியை இரண்டு முறை உருட்டுங்கள்.

சிக்கனச் சித்தப்பா:
பொட்டலத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி அட்டைப்படத்துக்குத்தான் போகிறது. கைத்துப்பாக்கிக் குண்டைத் தனியாகவும் சேபோவைத் தனியாகவும் மொத்தமாக வாங்குங்கள். .452 அங்குல ஹார்னடி நிறுவன எக்ஸ்டிபி குண்டு, 250 அல்லது 300 கிரெயின், உங்கள் முறுக்குக்கு நன்றாக ஒத்துவரும். .430 அங்குலக் குண்டும் ஆகும், ஆனால் அதற்குரிய சேபோ வேறு. இரண்டையும் கலந்தால் மீண்டும் இதே கேள்வியோடு வருவீர்கள். ‘மேக்’ என்று பெயரில் வருவது .454 கசூல் போன்ற வலுவான கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் வேகத்துக்குச் செய்த தடித்த உறை. தூரம் கூடி வேகம் குறைந்தால் அது மானில் பட்டதும் விரியத் தயங்கும்.

பழைய வார்ப்பு:
நான் லீ நிறுவனத்தின் ‘ரியல்’ அச்சில் குண்டை நானே வார்க்கிறேன். சேபோவே வேண்டாம். ஈயம் மட்டும் சுத்தமாக, நகத்தால் கீறினால் தடம் விழும் அளவு மென்மையாக இருக்க வேண்டும். டயர் எடைக்கட்டியை உருக்கினால் அது கடினம், குழலின் வரியில் பதியாது. உருண்டைக் குண்டு இன்னும் மலிவு; .490 உருண்டை சுமார் 177 கிரெயின். ஆனால் அது 60 அங்குலத்தை ஒட்டிய மெதுவான முறுக்குக்கு உரியது. உங்கள் குழலில் மருந்தை வெகுவாகக் குறைத்தால்தான் குறியில் நிற்கும். அதை மானுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிமாநிலம் போனால் விதியைப் பாருங்கள். கொலராடோ மஸில்லோடர் பருவத்தில் சேபோவும் கூடாது, வில்லையும் கூடாது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது.

பனிக்காடு:
பழைய சேபோக்கள் ஐந்து கிடைத்தன. இரண்டின் அடி வழித்த மெழுகுபோல் இருந்தது. இன்று இரண்டு வில்லை, 300 கிரெயின் எக்ஸ்டிபி, இடையிடையே துணி. 100 கஜத்தில் மூன்று குண்டையும் உள்ளங்கையால் மறைக்க முடிந்தது. கோல் இரண்டு விரலுக்கே இறங்கியது. சித்தப்பாவுக்கும் கரிக்கை அண்ணனுக்கும் நன்றி. ஒன்றுதான் புரியவில்லை: எண்ணெய் துடைத்த சுத்தமான குழலில் சுடும் முதல் குண்டு மட்டும் மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் மேலே விழுகிறது.

கரிக்கை:
காட்டில் நீங்கள் சுடப்போவது அந்த முதல் குண்டைத்தான், தம்பி. மூன்று நாள் காலையில் குளிர்ந்த குழலில் ஒன்றே ஒன்று சுட்டு, அந்த மூன்று துளைகளுக்கும் நடுவே குறிநோக்கியை வையுங்கள். நான்காவதைச் சுட ஆசை வந்தால் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.