பட்டாளத்தில் சேர்ந்தால் 4 வருஷத்தில் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) கிடைக்குமா? ஏஜெண்டு 9,000 வெள்ளி கேட்கிறார்

கேள்வி: செம்மண்_சாலை (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். டவுனில் கோப்பிக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ்: “வெளிநாட்டுப் பட்டாளம், 4 வருஷத்தில் குடியுரிமை, தமிழ் தெரிந்தால் முன்னுரிமை.” முன்பணம் 9,000 வெள்ளியாம் (ரிங்கிட்). அக்கா மகனுக்கு 20 வயது, நீல ஐசி (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை), எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்தவன். கூடப் போக நிற்கும் கூட்டாளிக்குச் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அட்டை). பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் மூன்றில் எது நிஜம்? நீல ஐசி என்ன ஆகும்? சிவப்பு ஐசிக்காரன் நம் நாட்டுப் பட்டாளத்திலேயே சேர்ந்து குடியுரிமை வாங்க வழி உண்டா?

பதில்: பாரம்_பார்ப்பவர்

முதலில் அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்த மூன்று நாட்டிலும் ஆள் எடுப்பது பட்டாளமே நேரடியாக. ஏஜெண்டுக்கு அங்கே வேலையே இல்லை.

நோட்டீஸில் உள்ள “4 வருஷம்” பிரிட்டனிலிருந்து வந்தது. மலேசியா காமன்வெல்த் நாடு என்பதால் நீல ஐசிக்காரர் அங்கே விண்ணப்பிக்கலாம். முன்பு பிரிட்டனில் 5 வருஷம் குடியிருந்திருக்க வேண்டும் என்றிருந்ததை 2018-இல் தளர்த்தி, வருஷத்துக்கு 1,350 பேர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். இடம் நிரம்பினால் கதவை மூடிவிடுவார்கள், திறந்திருக்கிறதா என்று அவர்களின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குக் கூப்பிட்டால் விமான டிக்கெட் நம் செலவு.

4 வருஷச் சேவைக்குக் கிடைப்பது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி மட்டும்தான், கடப்பிதழ் இல்லை. அதன் கட்டணம் ஏறக்குறைய 3,000 பவுன். 2022 முதல், 6 வருஷம் சேவை செய்தவருக்கும் சேவையில் வந்த காயத்தாலோ நோயாலோ விடுவிக்கப்பட்டவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் மனைவி பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பலரும் இடறி விழுவது இங்கேதான்: 4 வருஷத்தில் வெளியே வந்து, குடும்பத்துக்கும் சேர்த்துக் கட்டப் பணம் இல்லாமல் நிற்கிறார்கள். சேவையில் இருக்கும்வரை குடிநுழைவுக் கட்டுப்பாடு இல்லை. வெளியே வந்ததும் அந்த விலக்கு போய்விடும், கையில் சில வாரங்கள்தான். வெளியேறும் தேதிக்கு 18 வாரம் முன்பிலிருந்தே பாரம் (விண்ணப்பப் படிவம்) போடலாம், அதனால் தள்ளிப்போடக் கூடாது. குடியுரிமைக்கு 5 வருஷம், ஆங்கிலத் தகுதி, அந்த நாட்டைப் பற்றிய பரீட்சை எல்லாம் தனி. ஒரு நல்லது: வெளிநாட்டு முகாமில் இருந்த காலம் இடைஞ்சலாகாதபடி 2014-இல் தனிச் சட்டம் போட்டார்கள்.

அமெரிக்கா? கிரீன் கார்டு இல்லாத மலேசியரை எடுக்க மாட்டார்கள். “தமிழ் தெரிந்தால்” என்ற வரி எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கிறேன். 2008-இல் அறிவித்த மாவ்னி என்ற திட்டத்தில், கிரீன் கார்டு இல்லாமல் அங்கே சட்டப்படி இருந்தவர்களை மொழித்திறனுக்காக எடுத்தார்கள். பட்டியலில் தமிழும் மலாயும் இருந்தன. 2016-இல் நிறுத்திவிட்டார்கள். செத்துப்போன திட்டத்தை வைத்து இன்னமும் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்.

கிரீன் கார்டோடு சேர்ந்தவருக்கு வழி சுலபம்தான். அமைதிக் காலச் சட்டப்படி 1 வருஷச் சேவை வேண்டும். 11 செப்டம்பர் 2001 முதல் போர்க்காலம் என்று அறிவித்திருப்பதால் அந்த 1 வருஷமும் தேவையில்லை. என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் பாரத்துக்குக் கட்டணம் கிடையாது. கூடவே என்-426 என்ற சான்று, அதில் பட்டாள அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அது வராமல்தான் பல விண்ணப்பங்கள் கிடப்பில் கிடக்கும். 5 வருஷம் முடியுமுன் கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்டால், கொடுத்த குடியுரிமையையே திரும்பப் பிடுங்கலாம்.

பதில்: மேட்டு_லயம்

பிரான்சின் அந்நியர் படைக்கு எந்த நாட்டு ஆணும் போகலாம். வயது 17½ முதல் 39½. இங்கிருந்து பதிவு செய்ய முடியாது, அங்கே போய் நேரில் நிற்க வேண்டும். முதல் ஒப்பந்தம் 5 வருஷம். 3 வருஷம் ஒழுங்காக இருந்தால் குடியுரிமை கேட்கலாம். மாற்றுப் பெயரில் சேர்ந்தவருக்கு, உண்மைப் பெயருக்கு மாறிய பிறகே விண்ணப்பம் நகரும். சண்டையில் காயம்பட்டவருக்குத் தனி வழி, 1999-இல் வந்த சட்டம். படையில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை.

“ரஷ்யாவில் சமையல் உதவியாளர், பாதுகாவலர் வேலை, அப்படியே குடியுரிமை” என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்திய, நேபாளப் பையன்கள் அப்படிப் போய்ப் போர்முனையில் மாட்டி, இரண்டு அரசாங்கமும் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டி வந்தது.

பதில்: பதிவிலாகா_வரிசை

ஐசி விஷயத்துக்கு வருகிறேன். மலேசியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. அரசியலமைப்பின் 24-வது விதிப்படி, தானாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமை பெற்றவரிடமிருந்து நம் குடியுரிமையை அரசு பறிக்கலாம். சம்பளத்துக்குப் பட்டாளத்தில் இருப்பது வேறு, அந்த நாட்டுக் குடிமகனாகச் சத்தியம் எடுப்பது வேறு. நீல ஐசிக்கு ஆபத்து இரண்டாவதில்தான். நாமாகத் துறப்பதென்றால் 23-வது விதி, பாரம் கே, வயது 21 ஆகியிருக்க வேண்டும். துறந்தவர் ஊழியர் சேமநிதியை முழுக்க எடுக்கலாம். ஆனால் திரும்ப நீல ஐசி வாங்குவது யானையை ஊசிக்காதில் நுழைப்பது மாதிரி.

கூட்டாளிக்கு: நம் பட்டாளத்தில் சேரவே குடிமகனாக இருக்க வேண்டும். மெர்டேக்கா (சுதந்திரம்) நாளில் நம் அரசியலமைப்பில் 20-வது விதி என்று ஒன்று இருந்தது: கூட்டரசுப் படையில் முழுநேரமாக 3 வருஷமோ பகுதிநேரமாக 4 வருஷமோ திருப்தியாகச் சேவை செய்தவருக்கு, இங்கேயே நிலையாக வாழும் எண்ணமிருந்தால், குடியுரிமை. பின்னால் அதை நீக்கிவிட்டார்கள். புத்தகத்தைத் திறந்தால் எண் மட்டும் நிற்கும். அவர் எந்தக் காமன்வெல்த் நாட்டுக்கும் குடிமகன் இல்லையென்றால் பிரிட்டன் பாதையும் அவருக்கு அடைப்புத்தான்.

அவர் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இங்கே பிறந்தவரா? பிறந்த அன்று அப்பா அம்மாவில் ஒருவராவது குடிமகனா, நிரந்தரவாசியா? தோட்டங்களில் வழக்கமாக உதைக்கும் இடம் ஒன்று உண்டு. 1982 மார்ச் முதல் திருமணத்தைப் பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டிருந்தால் அப்பாவின் நீல ஐசி கணக்கில் வராது, அம்மாவின் நிலைதான் பார்க்கப்படும். அதிலும் தேறாவிட்டால் 19-வது விதி: 21 வயது, கடந்த 12 வருஷத்தில் 10 வருஷம் இங்கே வசிப்பு, போதுமான மலாய் அறிவு. கொடுப்பதும் கொடுக்காததும் அரசின் விருப்பம்.

செம்மண்_சாலை

நன்றி அண்ணே. பையன் சொந்தமாகவே பிரிட்டனுக்குப் பாரம் போடுகிறானாம். குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன எழுத? “ஏ/எல்” (இன்னாரின் மகன்) என்று அடித்தால் கணினி ஏற்கமாட்டேன் என்கிறது.

பாரம்_பார்ப்பவர்

சாய்கோட்டைப் பல பாரங்கள் ஏற்காது தம்பி. கடப்பிதழில் உள்ள அதே வரிசையில், கோட்டை எடுத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு பாரத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும் அடுத்ததில் அவன் பெயர் குடும்பப் பெயராகவும் போனால் இரண்டு ஆளாகப் பதிவாகிவிடும். அதற்கு முன் அப்பாவின் ஐசியையும் பையனின் பிறப்புப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒன்றில் “முனியாண்டி”, மற்றதில் “முனியாண்டீ” என்று இருந்தால் இங்கேயே பதிவிலாகாவில் திருத்திவிட்டுப் போகட்டும்.