முயல் மாதிரி தாவும் லேப் (லேப்ரடார்) நாய்க்குட்டி: பார்த்தவர்கள் எழுதுங்கள்

பொள்ளாச்சிக்காரன்

சாக்லேட் லேப், ஆண், நான்காவது மாதம். ஓடும்போது பின்கால் இரண்டும் சேர்ந்தே எழும்பும், முயல் மாதிரி. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், வீடியோ எடுப்பார்கள். கூடப் பிறந்ததெல்லாம் கொழுகொழுவென்று வளர, இவன் தொடையில் மட்டும் சதை பிடிக்கவில்லை. இடுப்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. கால்சியம் டானிக் பாட்டில் பாட்டிலாகப் போனது.

அப்புறம் வேறொரு டாக்டர். குட்டியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியால் தட்டினார். கால் வெடுக்கென்று உதற வேண்டும் இல்லையா? ஒன்றும் இல்லை. மறுபக்கம் புரட்டித் தட்டினார். அங்கேயும் இல்லை. இவன் பாட்டுக்கு அவர் கையை நக்கிக்கொண்டு கிடக்கிறான். வலியே கிடையாது என்பதுதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்து டிஎன்ஏ டெஸ்டுக்கு அனுப்பினோம். சென்ட்ரோநியூக்ளியர் மயோபதி, சுருக்கமாக சிஎன்எம், பரம்பரையாக வரும் தசை நோய். உங்களில் யாராவது பார்த்ததுண்டா?

கடற்கரை மீனா

எங்களுடையது இஐசி, அதாவது வேகமாக ஓடியாடினால் கால் துவண்டு விழும் பரம்பரை நோய். அதுவும் லேப்தான், ஒரு வயதுப் பெண். மார்கழி விடியற்காலை, வெயிலே கிடையாது. பத்து நிமிடம் பந்து போட்டிருப்பேன். திரும்பி ஓடி வரும்போது இடுப்புக்குக் கீழே துவண்டுவிட்டது. பந்தை வாயிலிருந்து விடாமல், முன்கால் இரண்டையும் ஊன்றி மணலில் இழுத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். கண் தெளிவாக என்னையே பார்க்கிறது. சுற்றி நின்றவர்கள் விஷம் தின்றிருக்கும், வலிப்பு, தலையில் வெங்காயம் தேயுங்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அரை மணி நேரத்துக்குள் எழுந்து ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்தாள். டாக்டரிடம் போனால் நாய் ஜம்மென்று நிற்கிறது, என்னத்தைக் காட்ட? அடுத்த தடவை விழுந்ததை என் பையன் ஃபோனில் எடுத்தான். அதைக் காட்டிய பிறகுதான் டெஸ்ட் எழுதினார்.

கோம்பைப் பிரியன்

டிஎன்ஏ அது இதென்று பயமுறுத்தாதீர்கள். நம் ஊரில் குட்டி காலை இழுத்தால் பத்துக்கு எட்டு டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் காய்ச்சல்தான். என் கோம்பைக் குட்டிக்குத் தூங்கும்போதுகூட ஒரு கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டே இருந்தது. பிழைத்த பிறகும் அது நிற்கவில்லை. தடுப்பூசியை ஒழுங்காகப் போடுங்கள், போதும். இந்த லேப் மோகமே தேவையில்லாதது.

நாமக்கல் உமா

பிரியன் அண்ணா, டிஸ்டெம்பர் நிறைய வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொள்ளாச்சிக்காரர் குட்டிக்குக் காய்ச்சல் இல்லை, வெட்டி இழுக்கவும் இல்லை. எட்டு என்ற கணக்கு எங்கே எடுத்தீர்கள்?

என் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மயஸ்தீனியா, நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய். டாக்டர் கண்ணோரத்தில் விரலால் தட்டத் தட்ட முதலில் முழுதாக இமைத்தது, அப்புறம் பாதி, அப்புறம் இமைக்கவே இல்லை. சற்று நேரம் விட்டுத் தட்டினால் மறுபடி இமைக்கிறது. குரைப்பும் அப்படித்தான், போகப் போகக் காற்றாகிவிடும்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். சோறு வெளியே வந்தால் எல்லாம் வாந்தி என்று சொல்லாதீர்கள். வாந்தி என்றால் வயிறு எக்கும், குமட்டும். மயஸ்தீனியாவில் தலையைக் குனிந்ததும் தின்றது அப்படியே வந்து விழும், உணவுக்குழாய் தளர்ந்து விரிந்திருப்பதால். அந்தச் சோறு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா, உயிருக்கே ஆபத்து. தட்டை உயரத்தில் வையுங்கள், தின்ற பிறகும் பதினைந்து இருபது நிமிடம் நிமிர்த்தியே பிடித்திருங்கள். வேறு எதற்காக ஊசி போடப் போனாலும் மயஸ்தீனியா இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஜென்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவீனத்தைக் கூட்டும். இஐசி நாய் விழுந்தால் ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள், உடம்பைத் தண்ணீரால் குளிர்வியுங்கள். சிஎன்எம் குட்டியைக் குளிரில் விடாதீர்கள், குளிரில் இன்னும் மோசமாகும். மூன்றுக்கும் கால்சியம் மருந்தல்ல, தயவுசெய்து.

கோம்பைப் பிரியன்

கணக்கு வாய்வழக்காகச் சொன்னது, உமா அக்கா. விடுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்

உமா மேடம், நீங்கள் சொன்னதெல்லாம் செய்கிறோம். இப்போது ஒரு வயதைத் தாண்டிவிட்டான், அதற்கு மேல் மோசமாகவில்லை. மெதுவாக நடப்பான், களைத்தால் உட்கார்ந்துகொள்வான்.

என் கவலை வேறு. சிஎன்எம் வர வேண்டுமென்றால் தாய், தகப்பன் இரண்டிடமும் அந்த ஜீன் இருக்க வேண்டும். அவற்றிடம் நோயின் அறிகுறி ஒன்றும் வெளியே தெரியாது, பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ரிசல்ட்டை அப்போதே குட்டி விற்றவருக்கு அனுப்பினேன். போன வாரம் அவர் ஸ்டேட்டஸில் பார்க்கிறேன், அதே ஜோடி, புதுக் குட்டிகள், முன்பதிவு ஆரம்பம். ஃபோன் போட்டால் எடுப்பதில்லை. வாங்கப் போகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.