லூர்து போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

செப்டம்பரில் அம்மாவை பிரான்ஸில் இருக்கும் லூர்து மாதா திருத்தலத்துக்குக் கூட்டிப் போகிறேன். 71 வயது, மூட்டு வலி. ஷெங்கன் விசாவுக்கு எழுதிப் போட்டாகிவிட்டது, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் எடுத்தாயிற்று. பாரிஸிலிருந்து ரயில்.

என் கவலை இரவு ஒன்பது மணி மெழுகுவர்த்திப் பவனிதான். பைரனீஸ் மலையடிவாரக் குளிரை அம்மா தாங்குவாரா? சக்கர நாற்காலி அங்கேயே கிடைக்குமா, இங்கிருந்தே கொண்டுபோக வேண்டுமா? மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தால் போதுமா?

அப்புறம் மனத்தயாரிப்பு. அம்மா இப்போதே நவநாள் செபம் தொடங்கிவிட்டார். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் எழுதிக் கொடுத்த வேண்டுதல் சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. ஒன்றில் "மகனுக்கு வேலை" என்று மட்டும், பென்சிலில். நான்தான் குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தே இரண்டு வருடமாகிறது. 1858இல் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா 18 முறை காட்சி கொடுத்த கெபி (குகை) முன்னால் வெறும் சுற்றுலாப் பயணியாகப் போய் நிற்க மனமில்லை. புறப்படும் முன் நீங்கள் எப்படித் தயாரானீர்கள்? தினமும் ஜெபமாலை தவிர வேறு ஏதாவது?

கடைசியாக, கெபி ஊற்றுத் தீர்த்தம். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், சரி. பெரிய பெட்டியில் கேனை ஒழுகாமல் எப்படிக் கட்டினீர்கள்? அம்மா பத்து லிட்டர் கேட்கிறார்!