மாடி பாத்ரூமுக்கு ஒரு வாளி தண்ணீர்

காரைக்குடியில் 15 வருடமாக வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிறேன். தேவைக்கு மேல் பெரிய வீடு கட்டுகிறவர்களை, எல்லாம் பெருமைக்காக என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் 24 சதுரத்தில், அதாவது 2,400 சதுர அடியில் வீடு கட்டினார். மாடியில் எனக்கும் தம்பிக்கும் அட்டாச்டு பாத்ரூமோடு ஆளுக்கொரு ரூம். தம்பி மஸ்கட்டில், நான் இங்கே. போன மாதம் போனபோது அம்மா முழங்கால் வலியோடு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார்.

"வாரத்துக்கு ஒருதரம் தண்ணி ஊத்தலேன்னா மாடி பாத்ரூம் நாறுதுப்பா."

உண்மைதான். புழங்காத பாத்ரூமில், டிராப்பில், அதாவது கழிவுநீர்க் குழாயின் வளைவில் நிற்கிற தண்ணீர் வற்றிவிட்டால் சாக்கடை வாடை நேராக ரூமுக்குள் ஏறிவிடும். வாளியை வாங்கி நானே ஊற்றினேன். அந்த வீட்டுக்குப் பிளான் போட்டது நான்தான். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

கானாடுகாத்தானில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாகச் செட்டிநாட்டு வீடுகள் நிற்கின்றன. பர்மாவில் கொடுக்கல் வாங்கலில் சம்பாதித்த பணம், பர்மாத் தேக்கு. ஆனால் வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் சின்னவைதான். கல்யாணமான மகனுக்கு ஓர் அறை, அதில் சீர்ச் சாமான்கள். ஒரு ஜோடி என்றால் ஒரு புள்ளி, சமையல்கூடத் தனித்தனி. மற்ற விசாலமெல்லாம் கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் சொந்தம் கூடும் நாளுக்காக. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் நொடித்தது. பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியூர் போனார்கள். பல வீடுகள் விசேஷத்துக்குத்தான் இப்போது திறக்கின்றன.

அப்பா போட்டதும் அதே கணக்குதான். பிள்ளை, மருமகள், பேரன் எல்லோரும் வந்து இறங்குகிற நாளை நினைத்துக்கொண்டு கட்டினார்.

இப்போதெல்லாம் பிளான் கேட்டு வருகிறவர்களிடம், சாதாரண நாளில் ராத்திரி எத்தனை பேர் சாப்பிடுவீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ஒருவர் நாலு ரூம் வேண்டும் என்று வந்தார். கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்மா மட்டும்தான் சார்" என்றார்.

கீழேயே ரெண்டு ரூமோடு முடித்தோம். பில்லர் கம்பியை மட்டும் மேலே விட்டு வைக்கச் சொன்னார். சரி என்றேன். துருப்பிடிக்காமல் இருக்க, லேசான கான்கிரீட் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.